படகு ஏரியின் மண் கரையை நடந்து பார்ப்பது எப்படி

நான் பொறியாளன் இல்லை. எங்கள் ஏரி படகு விடவும் மீன் பிடிக்கவும் மட்டும் உள்ள சின்ன ஏரி. ஆறு மீட்டர் உயர மண் கரை ஒன்றுதான் அதைத் தாங்கி நிற்கிறது. ஏரியைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்களின் கூட்டத்தில், "கரையை யார் பார்த்துக்கொள்வது?" என்ற கேள்வி வந்ததும் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நான் குனிவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பதினோரு வருடமாக மாதம் ஒரு முறையும், பெருமழை பெய்த மறுநாளும் நடந்து பார்க்கிறேன். உங்கள் தலையிலும் இந்த வேலை விழுந்திருந்தால் இது உதவும்.

கையில் ஒரு கம்பு, அளவு நாடா, பத்து லிட்டர் வாளி, மூடியுள்ள கண்ணாடி பாட்டில், நோட்டு. செல்போன் எப்படியும் இருக்கும். புல்லை முதலில் வெட்டச் சொல்லுங்கள். முழங்கால் உயரப் புல்லுக்குள் எந்தப் பழுதும் தெரியாது, பாம்பும் தெரியாது.

எல்லோரும் கரையின் உச்சியில் ஏறி நின்று ஏரியைப் பார்ப்பார்கள். காட்சி அங்கேதான் அழகு. நான் வெளிப்புறச் சரிவின் அடியில், தண்ணீருக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்குவேன். கரைக்குள் நடப்பது வெளியே தெரியும் இடம் அதுதான். சரிவு தரையைத் தொடும் கோட்டை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடங்கள். கோடையில் சுற்றிலும் புல் காய்ந்திருக்க, ஓரிடம் மட்டும் கரும்பச்சையாக இருந்தால் நின்று கம்பால் குத்திப் பாருங்கள். கோரை முளைத்திருந்தாலும், கால் புதைந்தாலும் அப்படியே.

மண் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். முதல் வருடம் ஈரத்தைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது நான் கேட்பது இரண்டே கேள்வி: தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, போன தடவை இருந்த அளவுதானா? பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் கரையின் உள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கிக் குழாய்போல ஒரு வழியைக் குடைந்துகொண்டே போகும். அந்த வழி ஏரியைத் தொட்டுவிட்டால் கரை உடைய சில மணி நேரம் போதும். அதனால் கலங்கல் கசிவைக் கண்டால் அடுத்த மாத நடைக்குக் காத்திருக்காமல் அன்றே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அளவுக்கு வாளி. கசிவு ஒரு சின்ன ஓடையாக ஓடினால் அதன் வாயில் ஒரு குழாய்த் துண்டைப் பதித்து, வாளி நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். எங்களுக்கு வழக்கமாக 40 விநாடி, அதாவது நிமிடத்துக்கு 15 லிட்டர். அதன் பக்கத்திலேயே அன்றைய ஏரி மட்டத்தையும் எழுத வேண்டும். ஏரி நிரம்பினால் கசிவும் கூடுவது இயல்பு. மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் கூடினால்தான் கவலை. மழை ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்த கணக்கு எதற்கும் உதவாது. கசிவு பெரிதாக இருந்தால் அதன் குறுக்கே முக்கோண வெட்டுள்ள தகட்டுத் தடுப்பு வைத்து, வெட்டில் தண்ணீர் நிற்கும் உயரத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். 90 பாகை வெட்டில் தண்ணீர் 5 செ.மீ. உயரம் நின்றால் விநாடிக்கு முக்கால் லிட்டர் அளவு ஓடும், 10 செ.மீ. நின்றால் நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்து மடங்குக்கும் மேல். தகட்டில் ஒரு விரல் ஏறியதை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வருடம் அடிவாரத்தில் ஒரு சின்ன ஊற்று கண் திறந்தது. நாலு கூடை களிமண் போட்டு மிதித்து அடைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. மறுவாரம் அது இரண்டு மீட்டர் தள்ளி, முன்னைவிட வேகமாக, சுற்றிலும் எறும்புப் புற்றுபோல நுண்மணலைக் கக்கிக்கொண்டு வந்தது. வந்து பார்த்த பொறியாளர் திட்டினார்: "தண்ணீரை அடைக்காதீர்கள். மண்ணை மட்டும் பிடித்து வையுங்கள்." ஊற்றின் மேல் முதலில் மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் வெளியே வரும், மண் வராது. அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான வேறு இடத்தைத் தேடிக்கொள்ளும்.

இனி மேலே ஏறலாம். உச்சியில் விரிசலின் திசையைப் பாருங்கள். கரையின் நீளத்தோடு ஓடி, வில்போல வளைந்து, ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தால் சரிவு நழுவத் தொடங்கியிருக்கலாம். குறுக்கே ஓடினால் தண்ணீருக்கு நேர்வழி. இரண்டுமே பொறியாளர் பார்க்க வேண்டியவை. வெயிலில் வெடித்த மேலோட்டமான கீறல்களும் இருக்கும். மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். விரிசலின் இரு முனையிலும் முளைக்குச்சி அடித்துத் தேதி எழுதினால், வளர்கிறதா என்பது அடுத்த முறை தெரிந்துவிடும். உச்சியில் பள்ளமான இடம் இருந்தால் வெள்ளம் முதலில் அங்கேதான் வழியும்.

மரங்கள்: விரல் தடிமன் செடியைப் பிடுங்கிவிடலாம். பெரிய மரத்தை நீங்களாக வெட்டாதீர்கள். வேர் மக்கினால் அது இருந்த இடமெல்லாம் கரைக்குள் குழாய்களாகும். எலி வளைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பக்கச் சரிவில் அலை மண்ணை அரிக்காமல் பதித்த கற்கள் நகர்ந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை. எங்கள் விசைப்படகுகளின் அலை ஒரே மட்டத்தில் அடித்து அடித்துப் படிக்கட்டுபோல வெட்டியிருந்தது. வேகத்தைக் குறைக்கச் சொன்னதற்கு என்னோடு பேசாமல் போனவர்கள் உண்டு.

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலிங்கில்தான் சண்டை அதிகம். மீன் வெளியே போகிறதென்று தூண்டில்காரர்கள் வலைக் கம்பி கட்டச் சொல்வார்கள். இன்னும் அரை அடி தண்ணீர் நின்றால் படகுக்கு நல்லதென்று படகுக்காரர்கள் பலகை வைக்கச் சொல்வார்கள். அவர்களிடம் நான் சௌத் ஃபோர்க் அணையின் கதையைச் சொல்வேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு வசதியானவர்களின் மீன்பிடி, வேட்டை மன்றம் வைத்திருந்த பொழுதுபோக்கு ஏரி அது. வண்டி போக உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள். மீன் தப்பாமல் கலிங்கில் கம்பி வலை. மட்டத்தை இறக்க உதவும் அடிக் குழாய்கள் அதற்கு முன்பே கழற்றப்பட்டிருந்தன. 1889 மே 31 அன்று பெருமழையில் வலையைக் குப்பை அடைக்க, தண்ணீர் கரையைத் தாண்டி வழிந்து உடைத்தது. கீழே ஜான்ஸ்டவுனில் 2,209 பேர் இறந்தார்கள். எங்கள் கலிங்கில் வலை இல்லை. ஒவ்வொரு மழைக்கு முன்பும் கட்டையும் செடியும் அகற்றியிருக்கிறதா என்று பார்ப்பேன். கலிங்குக்கு முன்னே மிதவைக் கயிறு கட்டி, நீந்துபவர்களைத் தள்ளியே வையுங்கள்.

அடிக் குழாயின் வெளிவாயைச் சுற்றி ஈரம் இருந்தால் தண்ணீர் குழாய்க்கு உள்ளே ஓடாமல் வெளிப்புறத்தை ஒட்டி வருகிறதோ என்று சந்தேகப்படுங்கள். கொலராடோவில் லான் லேக் அணை 1982இல் உடைந்ததற்குக் காரணம், குழாயும் வால்வும் சேரும் இடத்தில் ஈய அடைப்பு கெட்டுப்போய்க் கசிந்த தண்ணீர் மண்ணை அரித்ததுதான். குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், ஆனால் நுழையாதீர்கள். உள்ளே காற்று கெட்டிருக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது வால்வைத் திறந்து மூடுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் அன்று துருப்பிடித்து நிற்கும். பராமரிப்புக்காக மட்டத்தை இறக்கினால் நாளுக்கு 30 செ.மீ. அளவில் நிதானமாக. வேகமாக இறக்கினால், நனைந்து கனத்த உட்சரிவு தாங்க ஆளின்றிச் சரியும். கரை உடையும் நிலை என்றால் மட்டும் கணக்கு வேறு. அப்போது பொறியாளர் சொல்வதுதான்.

கடைசியாக, கரைக்குக் கீழே ஓடையை ஒட்டி யார் யார் வீடு இருக்கிறது என்று நடந்து பாருங்கள். ஜார்ஜியாவில் கெல்லி பார்ன்ஸ் அணையும் பெரியதில்லை. மின்சாரம் எடுப்பதை 1957இல் நிறுத்திய பிறகு ஏரி பொழுதுபோக்குக்கு இருந்தது. 1977 நவம்பர் 6 பின்னிரவில், எல்லோரும் தூங்கும் நேரத்தில் உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேரைக் கொண்டுபோனது. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் கீழே உள்ள ஒன்பது வீட்டின் தொலைபேசி எண்கள் இருக்கின்றன. போன மாதம் ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்தேன். இரண்டு எண்கள் மாறியிருந்தன, ஒரு வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு மேலே ஏரி இருப்பதே தெரியவில்லை.