பழைய ஆம்பிளிஃபயரை எடுத்தவுடன் பிளக்கில் செருக வேண்டாம்

1976-இல் வெளிவந்த பயனியர் எஸ்எக்ஸ்-1250 போன்ற, சேனலுக்கு 160 வாட் திறனுள்ள ரிசீவரை (ரேடியோவும் ஆம்பிளிஃபயரும் சேர்ந்த கருவி) பல ஆண்டுகள் இயக்காமல் வைத்திருந்தவர்கள், அதை முதல்முறை இயக்கும்போது ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பு பொருத்திய சீரிஸ் போர்டு (மின்சாரம் பல்பைக் கடந்தே கருவிக்குப் போகும்படி அமைத்த பலகை) வழியாகவே மின்சாரம் கொடுக்க வேண்டும். ரிசீவரில் மின்னேற்றத்தைச் சேமிக்கும் 22,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் நான்கின் உட்படலமும் நெடுநாள் மின்னழுத்தம் பெறாமல் நலிந்திருக்கக்கூடும் என்பதே காரணம். பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் நல்லது. தொடர்ந்து பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கலாம் என்பதால் உடனே அணைத்துவிடுங்கள். அவசரப்பட்டால் எரிந்துபோகும், ஸ்பீக்கர்களை இயக்கும் அசல் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. சந்தையில் போலிகளே மிகுதி என்பதால் இந்தப் பொறுமை மிக அவசியம் எனக் கருதுகிறேன்.

அடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டிசி மின்னழுத்தத்தை அளந்து, அது 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே நிலையாக இருந்தால் மட்டுமே ஸ்பீக்கரை இணைக்கலாம். மூடியைத் திறப்பதானால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், தகுந்த ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் உறுதிசெய்த பின்னரே கை வையுங்கள்.