சம்பளம் சுருங்கிய மாதங்களில் கடைச் சாப்பாடு: தோட்டப்புற நகரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

பொருளாதாரம் தளரும்போது, மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் அது முதலில் சம்பளச் சீட்டில்தான் தெரியவருகிறது. தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றுவிடுகிறது. எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டத்தில் குலை குறைந்த மாதத்தில் ஊக்கத்தொகை சுருங்கிவிடுகிறது. பலருக்கு அடிப்படைச் சம்பளம் மட்டுமே கைக்கு வருகிறது. 2025 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை வைத்துக்கொண்டு வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் கட்டும் குடும்பத்தில், கடைச் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிடலாம் என்ற யோசனையே முதலில் எழும். அந்த யோசனையை நான் ஆதரிப்பதில்லை. விடிவதற்கு முன்பே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறவருக்கும், கணவனும் மனைவியும் வெவ்வேறு ஷிப்டில் வேலை பார்க்கும் வீட்டுக்கும் கடைச் சாப்பாடு ஆடம்பரம் அன்று. அது நாளின் ஒரு பகுதி. அதை ஒரேயடியாக வெட்டினால் களைப்பு மிகுந்த ஒரு நாளில் அந்த உறுதி உடைந்து, முன்பைவிடக் கூடுதலாகச் செலவாகிவிடும். எதைக் கடையில் வாங்குவது, எதை வீட்டிலேயே செய்துகொள்வது என்று பிரித்து வைத்துக்கொள்வதே நீடித்து நிற்கும் சிக்கனம்.

தண்ணீரில் கரையும் பணம்

கடைக்குப் போய்வந்த பிறகு கணக்கைப் பிரித்துப் பார்த்தால், சாப்பாட்டைவிட அதனோடு சேர்ந்து வந்தவையே பையைக் காலி செய்திருப்பது புரியும். நால்வர் கொண்ட குடும்பம் காலையில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் சாப்பிடப் போகிறது, ஆளுக்கொரு பானம் 2 ரிங்கிட் 50 சென் என்று வைத்துக்கொள்வோம். பானங்களுக்கு மட்டும் 10 ரிங்கிட் ஆகிறது. ரொட்டி ஒன்று 2 ரிங்கிட் என்றால், அதே தொகைக்கு இன்னும் ஐந்து ரொட்டி வாங்கியிருக்கலாம். பால் தேநீரான தே தாரிக்கைவிட வெறுந்தேநீரான தே ஓ மலிவு, ஏனெனில் அதில் பால் சேர்வதில்லை. ஐஸ் போட்டால் பல கடைகளில் விலை கூடும். சுடுதண்ணீர் கேட்டால் சில கடைகளில் அதற்கும் ஒரு சிறு தொகை உண்டு. ஆகவே ஆளுக்கொரு பானம் என்ற வழக்கத்தை முதலில் கைவிடுங்கள். பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து தண்ணீர்ப் புட்டி எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்கள் தேநீரை வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்பலாம். ஆயினும் கூட்டம் மிகுந்த நேரத்தில் பானம் எதுவும் கேட்காமல் ஒரு மேசையை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருப்பது முறையன்று. சாலையோர ஒட்டுக்கடைக்காரருக்குக் கொஞ்சம் இலாபம் நிற்பது பானங்களில்தான் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து இடம் கொடுத்தால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும்.

முட்டை, அப்பளம், பொரித்த மீன் என்று கேட்காமலேயே தட்டுக்கு வந்து சேர்பவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். வேண்டியதை மட்டும் கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

குழம்பைக் கடையில் வாங்குங்கள், சோற்றை வீட்டில் பொங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்ற முடியுமென்றால் இதைப் பின்பற்றுங்கள். உள்ளூர் வெள்ளை அரிசிக்கு அரசாங்கம் வைத்திருக்கும் கட்டுப்பாட்டு விலை 10 கிலோவுக்கு 26 ரிங்கிட். ஒருவருக்கு 100 கிராம் அரிசி என்று கொண்டால் தலைக்கு 26 சென்தான் ஆகிறது. நால்வருக்குச் சேர்த்து ஒரு ரிங்கிட் சொச்சம். அதே சோற்றைக் கடையில் தட்டுக்கு 2 ரிங்கிட் வீதம் வாங்கினால் 8 ரிங்கிட் ஆகும். உள்ளூர் அரிசி கிடைக்காமல் விலை கூடிய இறக்குமதி அரிசியை வாங்க நேர்ந்தாலும், கணக்கு வீட்டுச் சோற்றுக்கே சாதகமாக இருக்கும்.

குழம்பின் கணக்கு இதற்கு நேர்மாறானது. இரண்டு பேருக்காக ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்ய வேண்டுமென்றால் மசாலை, வெங்காயம், எண்ணெய், எரிவாயு, வேலை முடிந்து வந்த பிறகான ஒரு மணி நேரம் ஆகிய அனைத்தும் தேவைப்படும். கடைக்காரரோ அதைப் பெரிய சட்டியில் ஒரே தடவையில் சமைத்துவிடுகிறார். எனவே மாலையில் கோழிப் பிரட்டலோ மீன் குழம்போ இரண்டு மூன்று துண்டுகள் மட்டும் வாங்கி, ஒரு காய்கறியை வீட்டில் வதக்கிக்கொண்டால், கடைச் சாப்பாட்டின் சுவையும் குறையாது, செலவும் பாதியளவில் நின்றுவிடும். போகும்போது தூக்குச் சட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெட்டிக்குத் தனியாகக் காசு வாங்கும் கடைகளில் அதுவும் மிச்சமாகும்; சூடான குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்ற வேண்டிய அவசியமும் இராது.

இதே பிரிப்பை மற்ற உணவுகளுக்கும் செய்துபாருங்கள். ரொட்டி சானாய், தோசை, பிரியாணி போன்றவை உழைப்பும் நேரமும் கேட்பவை. அவற்றைக் கடையில் வாங்குவதே அறிவுடைமை. மேகி கோரேங் (வறுத்த நூடுல்ஸ்), முட்டைப் பொரியல், வெறும் நாசி கோரேங் (வறுத்த சோறு) ஆகியவற்றுக்குக் கடையில் கொடுக்கும் விலையில் வீட்டில் பல தட்டுகள் செய்துவிடலாம்.

வாழையிலைச் சாப்பாட்டின் முறை வேறு. அங்கே நாம் ஓர் இலைக்குப் பணம் கொடுக்கிறோம். சோறு, காய்கறி, ரசம், மோர் ஆகியவற்றைப் பெரும்பாலான கடைகளில் திரும்பக் கேட்டு வாங்கலாம். கறி, மீன் ஆகியவற்றின் விலைதான் தொகையை ஏற்றுகிறது. மதிய உணவையே அன்றைய பெரிய உணவாக வைத்துக்கொண்டு மரக்கறி இலையோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு இதைவிட நிறைவான சாப்பாடு நகரத்தில் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஓர் இலையை இருவர் பகிர்ந்துகொண்டு சோறு மேல் சோறு கேட்பது கடைக்காரரின் வயிற்றில் அடிப்பதாகும். பகிர்ந்து சாப்பிட வேண்டுமென்றால் பொட்டலமாகக் கட்டி வாங்குங்கள். பொட்டலத்தில் சோறு பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும், சிறு பிள்ளைகள் இருவருக்குப் போதும்.

எடுப்பதற்கு முன் கேளுங்கள்

சோற்றோடு பல கறிகளை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் நாசி சம்போர் கடைகளில், தட்டைக் கண்ணால் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். நான்கு வகைக் கறியைச் சிறிது சிறிதாக எடுத்தாலும் நான்கு கறிக்கான விலை வரும். ஒரு கறி, ஒரு காய், மேலே ஊற்ற ஒரு குழம்பு என்று நிறுத்திக்கொள்வதே அங்கே சரியான அளவு. பெரிய இறால், கணவாய், மீன் தலை ஆகியவற்றைத் தொடுவதற்கு முன், "அக்கா, இந்தத் துண்டு எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிடுங்கள். விலையைக் காட்டி வைப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. பட்டியல் கண்ணில் படவில்லையென்றால் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நியாயமற்ற விலை என்று தோன்றினால் ரசீதை வைத்துக்கொண்டு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம்.

பேரங்காடியில் உள்ள உணவகத்துக்குப் போவதாக இருந்தால் பட்டியலின் அடியில் உள்ள சிறு எழுத்தையும் படியுங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 6 விழுக்காடு சேவை வரியும் சேர்ந்தால் 50 ரிங்கிட் சாப்பாடு ஏறக்குறைய 58 ரிங்கிட் ஆகிவிடும். ஆண்டு விற்பனை 15 இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டாத உணவகம் அந்த வரியை வாங்கத் தேவையில்லை என்பதால், நம் ஊர் ஒட்டுக்கடைகளில் சொன்ன விலையே கொடுக்கும் விலையாக இருக்கிறது. கைப்பேசிச் செயலி வழியாக வரவழைக்கும் சாப்பாட்டில் கொண்டுவரும் கூலி சேர்கிறது. செயலி நிறுவனத்துக்குக் கடைக்காரர் கொடுக்கும் தரகுத் தொகையும் பல வேளைகளில் விலையில் ஏறிவிடுகிறது. நடந்துபோய் வாங்கும் தூரத்தில் கடை இருக்கும்போது அந்தச் செலவு வேண்டாம்.

2023 ஜனவரி 31 அன்று தொடங்கப்பட்ட ரஹ்மா மெனுத் திட்டத்தின்கீழ் 5 ரிங்கிட்டுக்கோ அதற்குக் குறைவாகவோ மதிய, இரவு உணவு வழங்கும் கடைகள் உள்ளன. இதில் சேருவது கடைக்காரரின் விருப்பம் என்பதால் எல்லா இடத்திலும் இதை எதிர்பார்க்க முடியாது. அறிவிப்புத் தாள் ஒட்டியிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

கோயில் அன்னதானத்தையும் சீக்கியர் கோயிலான குருத்வாராவின் இலவச உணவாகிய லங்கரையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். வேலையிழந்த சிலர் தங்களைப் பிறர் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி அங்கே போகாமல் பட்டினி கிடக்கிறார்கள். அந்தப் பந்தி வருகிற எல்லாருக்கும் உரியது. மனம் கூசினால் சற்று முன்பாகவே போய்க் காய் நறுக்கவோ இலை போடவோ கை கொடுங்கள். பிறகு உட்கார்ந்து சாப்பிடுவது எளிதாகிவிடும்.

கடனும் பெலாஞ்சாவும்

555 எனப்படும் சிறு கடன் குறிப்பேட்டில் கணக்கெழுதிச் சாப்பிடும் பழக்கம் நம் ஊர்க் கடைகளில் இன்னும் மறையவில்லை. அது நம்பிக்கையின் பேரில் நடப்பது. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் கையில் காசு கொடுக்காதபோது கூடுதலாக ஒரு முட்டை, கூடுதலாக ஒரு மைலோ என்று கை தானாகவே நீளும். வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வந்தாக வேண்டும். அது வந்தவுடன் மாதத்துக்கான கடைச் சாப்பாட்டுப் பணத்தைத் தனியாக எடுத்து, நான்கு உறைகளில் வாரத்துக்கு ஒன்றாகப் போட்டு வையுங்கள். முதல் வாரத்தில் குடும்பத்தோடு பெரிய சாப்பாடு, கடைசி வாரத்தில் கடன் என்ற சுழற்சி அப்போதுதான் நிற்கும். கணக்கு வைக்கத்தான் வேண்டுமென்றால் வாரக் கடைசியில் தீர்த்துவிடுங்கள். விற்பனை மந்தமான காலத்தில் கடைக்காரரின் கையிருப்பும் நம்முடையதைப் போலவே மெலிந்திருக்கும். அதே காரணத்துக்காக, சாலையோரத்தில் தோசை சுட்டு விற்கும் அம்மாவிடம் 20 சென்னுக்குப் பேரம் பேசாதீர்கள்.

நண்பர்களோடு உட்காரும்போது ஒருவரே எல்லாருக்கும் பணம் கொடுத்துப் பெலாஞ்சா செய்வதும், அடுத்த முறை மற்றவர் அதைத் திருப்பிச் செய்வதும் நல்ல வழக்கந்தான். இருப்பினும் அனைவரின் வருமானமும் குறைந்திருக்கும்போது, திருப்பிச் செய்ய முடியாதவர் மெல்ல மெல்லக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். உட்காரும்போதே, "இந்த மாதம் அவரவர் கணக்கை அவரவர் கொடுப்போம், அண்ணே" என்று வயதில் மூத்தவரோ சற்று வசதி உள்ளவரோ சொல்லிவிட்டால், சொல்ல முடியாமல் தவிப்பவருக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஆறி நெடுநேரமான சாப்பாட்டை வாங்க வேண்டாம். வயிற்றுப்போக்கினால் ஒரு நாள் சம்பளம் போனால் மிச்சம் பிடித்தது எதுவும் மிஞ்சாது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. விடியற்காலையில் வாங்கிய, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கைப் பத்து மணி ஓய்வு வேளைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மாலையில் வாங்கிய குழம்பில் மறுநாளுக்கென்று எடுத்துவைப்பதை, குறிப்பாகத் தேங்காய்ப்பால் சேர்த்ததை, வீட்டுக்கு வந்ததும் தனிப் பாத்திரத்தில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே பரிமாறுங்கள்.