நிதி ஆலோசனையும் சமூக ஊடகமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிதித் திட்டமிடல் நிறுவனங்கள் சமூக ஊடகத்தில் செய்யும் தவறுகளில் முதன்மையானது, பொது விளக்கத்தையும் தனிப்பட்ட ஆலோசனையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான். ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றி ஆலோசகர் ஒரு பதிவு இடுகிறார், "எனக்கு 52 வயது, இந்த ஃபண்டில் போடலாமா?" என்று ஒருவர் கீழே கேட்கிறார், "தாராளமாகப் போடலாம்" என்று பதில் வருகிறது. கேட்டவரின் வருமானம், கடன், காப்பீடு, அவரை நம்பியிருப்போர் என எதையும் அறியாமல் சொன்ன இந்த இரண்டு சொற்களும் ஆலோசனையாகவே கருதப்படக்கூடும் என்பதோடு, முற்றிலும் வேறு சூழ்நிலையில் இருப்பவர்களும் அதைப் படித்துவிட்டுத் தமக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வார்கள். "விவரங்களைப் பார்க்காமல் சொல்ல இயலாது" என்பது மழுப்பலாகத் தோன்றினாலும் அதுவே பொறுப்பான பதில்.

வாடிக்கையாளருடனான உரையாடலை ஆலோசகர் தமது சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு மாற்றிக்கொள்வதும் தவறே. வசதி என்னவோ உண்மைதான். ஆனால் நிறுவனத்தின் ஆவணங்களில் சேராத பேச்சு, பின்னர் தகராறு எழும்போது இரு தரப்புக்கும் கைகொடுக்காது. இத்தகைய செய்திகளைப் பாதுகாத்து வைக்கத் தவறியதற்காக, அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி. 2022 செப்டம்பரில் பெரிய நிதி நிறுவனங்கள் பலவற்றுக்கு மொத்தம் 110 கோடி டாலருக்கும் அதிகமான அபராதம் விதித்தது.

பாராட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு குறைகூறும் பின்னூட்டங்களை நீக்குவது, பணம் பெற்றுக்கொண்டு புகழ்ந்தவரை அப்படி அடையாளம் காட்டாமல் விடுவது ஆகிய இரண்டும் ஏமாற்று வேலைகள். இதில் விவாதிக்க அதிகமில்லை.

வாடிக்கையாளர்கள் செய்யும் தவறுகளில் ஆபத்து மிகுந்தது, "என் பணம் இன்னும் வரவில்லை" என்று நிறுவனத்தின் பக்கத்திலேயே எல்லாரும் பார்க்கும்படி முறையிடுவது. அதற்காகவே காத்திருக்கும் போலிக் கணக்கு ஒன்று, நிறுவனத்தின் முத்திரையையே முகப்புப் படமாக வைத்துக்கொண்டு, "வருந்துகிறோம், உள்பெட்டிக்கு வாருங்கள்" என்று பணிவோடு அழைத்து, கணக்கு எண்ணில் தொடங்கி ஓடிபி வரை கேட்டு வாங்கிவிடும். முதலீட்டு மதிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்வதும் இத்தகையவர்களுக்கு முகவரி எழுதிக் கொடுப்பது போன்றதே. பின்தொடர்பவர்களின் எண்ணிக்கை ஆலோசகரின் தகுதிக்குச் சான்றாகாது என்பதால், அவர் பெயர் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பேச வேண்டியிருந்தால், செய்தியில் வந்த இணைப்பைத் தொடாமல், அந்தப் பதிவேட்டிலோ ஒப்பந்தத்திலோ உள்ள எண்ணையே அழைக்க வேண்டும்.