எட்டு அவுன்ஸ் ஈயத்துக்கு ஏற்ற பிளாங்க்: ஹேட்டராஸ் கரைக்குக் கோல் கட்டுகிறவர்களுக்கு

பிளாங்க், அதாவது தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களும் ரீலும் பொருத்தாத வெறும் கோல், வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் சமையலறைத் தராசை எடுத்து வையுங்கள். நீங்கள் வீசப்போகிற ஈயம், முள், சுவிவல் என்ற சுழல் இணைப்பு, லீடர் என்ற தடித்த முன்நரம்பு, முள்ளில் கோத்த இரை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து நிறுத்துப் பாருங்கள். வட கரோலினாவின் கேப் ஹேட்டராஸ் முனையில் ரெட் டிரம் மீனுக்காக நிற்கிறவர்கள் ‘எயிட் அண்ட் பெயிட்’ என்பார்கள். எட்டு அவுன்ஸ் ஈயம், அதோடு ஒரு துண்டு இரை. எட்டு அவுன்ஸ் என்பது 227 கிராம். நல்ல மடவைத் தலை ஒன்று 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். மற்றவற்றையும் சேர்த்தால் 340 கிராமை நெருங்கும், அதாவது 12 அவுன்ஸ். எட்டு அவுன்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதே என்று நம்பி வாங்கிவிட்டு, கோல் தொய்கிறது என்று குறைப்படுகிறவர்கள் இந்தத் தலையின் எடையை மறந்தவர்கள்.

இவ்வளவு கனம் எதற்கு? முனைக்கு வெளியே டயமண்ட் ஷோல்ஸ் என்ற மணல்திட்டுகள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. வடக்கிலிருந்து இறங்கும் குளிர்ந்த நீரும் தெற்கிலிருந்து ஏறும் வளைகுடா நீரோட்டமும் அந்தப் பக்கத்தில்தான் மோதுகின்றன. காற்று வலுத்தால் கரையோர இழுவை பயங்கரமாக இருக்கும். ஐந்து அவுன்ஸ் ஈயம் தரையில் பிடித்து நிற்காது. உருண்டுபோய்ப் பக்கத்து ஆளின் நரம்பைச் சுற்றிக்கொள்ளும். அக்டோபர், நவம்பர் இரவுகளில் அங்கே தோளோடு தோள் உரச நிற்பார்கள் என்பதால் அது வெறும் தொல்லையோடு முடியாது, வாய்ச்சண்டையாகிவிடும்.

மீனையும் சொல்லிவிட வேண்டும். ரெட் டிரம் நம் ஊர்க் கத்தாழை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது, உருவம்தான் பல மடங்கு. 1984 நவம்பரில் இதே ஹேட்டராஸ் தீவில் ஏவன் என்ற ஊரில் பிடிபட்ட 94 பவுண்டு 2 அவுன்ஸ் மீன்தான் உலகச் சாதனை. வட கரோலினா சட்டப்படி 18 முதல் 27 அங்குலம் வரையுள்ள ஒன்றை மட்டுமே ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். நாம் தேடிப் போகிற பெரியவை எல்லாம் இனப்பெருக்கத்துக்கான மீன்கள், கட்டாயம் திரும்பக் கடலுக்குள் போக வேண்டியவை. ஆகவே பிளாங்குக்கு இரண்டு வேலை. ஈயத்தைத் தூரம் அனுப்ப வேண்டும். மீன் களைத்துச் சாவதற்குள் அதைக் கரைக்குக் கொண்டுவரும் முதுகெலும்பும் இருக்க வேண்டும். கடைக்காரர் முதல் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்.

இனி என் வாதம். பெரும்பாலோர் தங்களால் வளைக்க முடியாத பிளாங்க்கை வாங்குகிறார்கள். பிளாங்க் ஒரு வில். நாண் இழுபடாத வில்லிலிருந்து அம்பு போகாது. அடிப்பகுதி வளைந்தால்தான் உங்கள் இடுப்பும் தோளும் கொடுத்த விசை அதில் சேர்ந்து ஈயத்துக்குப் போகும். வளையவில்லை என்றால் நுனி மட்டும் வேலை செய்யும், ஈயம் எண்பது கஜத்தில் விழும், மறுநாள் தோள்பட்டை வலிக்கும். ஆறடி நாலங்குலம் உயரமும் அதற்கேற்ற முதுகும் உள்ளவர் 200 கிராம் ஈயத்தைக் கண்ணுக்கெட்டாத தூரம் அனுப்புகிற கோலை நீங்கள் வாங்கினால், அவருடைய உடம்பும் கூட வராது. என் உயரம் ஐந்தடி ஆறங்குலம், வார நாள்களில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறவன். எனவே நான் கேட்கும் கேள்வி இதுதான்: ராலேயிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிவந்து, இரவு இரண்டு மணிக்கு, நனைந்த குளிர்சட்டையோடு, இந்தக் கோலின் அடிப்பகுதியை என்னால் வளைக்க முடியுமா?

வீசும் முறையும் இதில் சேர்த்தி. பிரிட்டனில் திறந்த கரையில் பெண்டுலம் வீச்சுக்காகச் செய்த பிளாங்க்குகள் அழகானவை. அவை பெரும்பாலும் 150 கிராம் ஈயத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஈயத்தை நீளமாகத் தொங்கவிட்டு ஊஞ்சலாட்ட அங்கே இடம் இருக்கிறது. ஹேட்டராஸ் முனையில் அப்படி ஆட்டினால் யாருடைய மண்டையாவது உடையும். ஈயத்தைக் குட்டையாகத் தொங்கவிட்டு, உடம்பைத் திருப்பி, சட்டென்று ஒரே வீச்சில் விடுவதுதான் அங்கே பழக்கம். விசை சேர்வதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் மிக விறைப்பான போட்டி பிளாங்க்குகளை ஒதுக்கிவிடுங்கள். நடுப்பகுதி வரை வளைந்து, அடியில் உறுதியாக நிற்பதைத் தேடுங்கள்.

அச்சிட்ட எண்ணை எவ்வளவு நம்பலாம்? ‘6–12 அவுன்ஸ்’ என்று ஒரு தயாரிப்பாளர் போடுவதற்கும் இன்னொருவர் போடுவதற்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. அவரவர் கை, அவரவர் கணிப்பு. நீங்களே அளப்பதுதான் வழி. இதற்கு பில் ஹேன்மன் என்ற கோல் கட்டுநர் ‘காமன் சென்ட்ஸ்’ என்ற எளிய முறையை வகுத்தார். அடியைக் கிடைமட்டமாகப் பிடித்து நிறுத்தி, நுனி பிளாங்க்கின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்வரை ஒரு சென்ட் நாணயங்களைத் தொங்கவிடுவது. இன்றைய அமெரிக்க சென்ட் ஒன்று இரண்டரை கிராம். மெல்லிய கோல்களுக்கு நாணயம் சரி. நம் கனரகக் கோலுக்கு உண்டியலையே உடைக்க வேண்டியிருக்கும்! நான் தண்ணீர் பயன்படுத்துகிறேன்.

செய்முறை இது. 13 அடி என்றால் 396 செ.மீ., அதில் மூன்றில் ஒரு பங்கு 132 செ.மீ. நுனி அவ்வளவு இறங்க உயரம் வேண்டும், மேசை போதாது. வீட்டுப் பின்புற டெக்கின் கைப்பிடிச் சட்டத்தில், கீழே துணி வைத்து, ரீல் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பிளாங்க்கைக் கட்டுங்கள். அடி கிடையாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நுனியில் டேப்பால் ஒரு சின்ன வளையத்தை ஒட்டி, அதில் கேன் ஒன்றைத் தொங்கவிட்டுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்தி வைத்தால், நுனி 132 செ.மீ. இறங்கியதும் நிறுத்திவிடலாம். கேனைத் தராசில் வையுங்கள். அந்த கிராம் எண்தான் பிளாங்க்கின் வலு. அந்த நிலையில் நுனி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் கைபேசியின் கோணமானியில் பாருங்கள். 66 டிகிரிக்கு மேல் போனால் நுனியில் மட்டும் வளைகிற ‘ஃபாஸ்ட்’ வகை. 60க்குக் கீழே என்றால் உடல் முழுதும் வளைகிற மந்த வகை.

இந்த எண்ணைத் தனியாக வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒப்பிட ஒன்று வேண்டும். கரையில் பழகியவர்களிடம் கேட்டு, உங்கள் கைக்குப் பொருந்துகிற கோல் ஒன்றை இரவல் வாங்கி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வளையங்களும் பசையும் நுனியில் கொஞ்சம் எடை கூட்டியிருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். இப்போது கடையில் இருக்கும் பிளாங்க் அதே அளவு வலுவானதா, அதைப்போல் ஒன்றரை மடங்கா என்று தெரிந்துவிடும். அஞ்சலில் வரவழைப்பதாக இருந்தால் விற்பவரிடமே இந்த இரண்டு எண்களையும் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் சொல்லிவிடுவார், இல்லாவிட்டால் அளந்து சொல்வார்.

நுனியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மிக வேகமான நுனி மடவைத் தலையை முள்ளிலிருந்து பிய்த்து வானத்தில் அனுப்பும். இரை ஒரு பக்கமும் ஈயம் ஒரு பக்கமும் பறப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மீள் நூலால் இறுக்கிக் கட்டினாலும் ஓரளவுக்குத்தான் தாங்கும். வீசி முடித்ததும் நடுங்கிக்கொண்டே இருக்கும் தொளதொளத்த நுனியும் வேண்டாம். அந்த நடுக்கம் நரம்பை உதறி, சுழல் ரீலில் சிக்கலைக் கொண்டுவரும். பிளாங்க்கை அடியில் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கி நிறுத்துங்கள். நுனி எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். சீக்கிரம் அடங்க வேண்டும்.

பொருளைப் பற்றிக் கடைகளில் நிறையப் பேசுவார்கள். ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 என்பவை ஹெர்குலிஸ் நிறுவனம் தன் கார்பன் இழைகளுக்கு வைத்த வணிகப் பெயர்கள், தர வரிசை அல்ல. ஒரு பெட்டியில் ஐஎம்8 என்று போட்டிருப்பதால் இன்னொரு பெட்டியின் ஐஎம்6ஐ விட அது மேல் என்று அர்த்தமில்லை. கண்ணாடி இழையின் விறைப்பு எண் ஏறக்குறைய 10 மில்லியன் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு), சாதாரண கார்பன் இழையினுடையது அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. எண் கூடினால் அதே விறைப்பை மெல்லிய சுவரில் பெறலாம், கோல் லேசாகும். ஆனால் ஜீப்பின் கூரைத் தாங்கியில் மணலில் குலுங்கிப் போகிற கோலுக்கு மெல்லிய சுவர் ஒரு பலவீனம். ஈயம் ஒருமுறை தட்டினாலே கீறல் விழும், அடுத்த வீச்சில் அந்த இடத்தில் முறியும். முழுக் கண்ணாடி இழை என்றால் எதையும் தாங்கும், ஆனால் 13 அடி நீளத்தில் கை ஒடிந்துவிடும். என் தேர்வு நடுத்தரக் கார்பன், அடிப்பகுதியில் கொஞ்சம் தடித்த சுவர். இன்னொன்று, கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி இறங்கினால் கோலைப் போட்டுவிட்டு வண்டிக்குள் போய்விடுங்கள்.

நீளம்? 12 அடியா, 13 அடியா என்று விடிய விடிய வாதிடுகிறார்கள். குட்டையானவர்கள் 12இல் தொடங்கலாம். நுனிப்பாரம் குறையும், கூட்டத்தில் கையாள்வது எளிது. நெடிய அலையைத் தாண்டி நரம்பைத் தூக்கிப் பிடிக்க 13 உதவும். இரண்டு துண்டாக வருவதில் சம பாதி உண்டு, நீண்ட நுனிக்குக் குட்டையான அடி சேர்வதும் உண்டு. வளைகிற இடத்தில் இணைப்பு இல்லாததால் எனக்கு இரண்டாவது பிடிக்கும். ஆனால் யுபிஎஸ் 108 அங்குலத்துக்கு மேல் நீளமான பெட்டியை எடுப்பதில்லை. ஒற்றைத் துண்டு 13 அடி பிளாங்க் சரக்கு லாரியில்தான் வர வேண்டும், அந்தக் கூலிக்கு ஒரு நல்ல ரீலே வந்துவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டையும் அளந்துகொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் பிளாங்க்கைச் சமதளத்தில் உருட்டிப் பாருங்கள். சிறிய வளைவு எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு கண்ணை மூடி அடியிலிருந்து நுனிவரை பார்த்து, மிக நேராகத் தெரிகிற பக்கத்தில் வளையங்களைக் கட்டினால் போதும். ‘ஸ்பைன்’, அதாவது பிளாங்க் மற்ற பக்கங்களைவிட விறைப்பாக இருக்கும் பக்கத்தை, தேடுவதில் பாதி மாலையைச் செலவிடுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் நான் தேடுவதில்லை. மேற்பரப்பில் சுருள் சுருளாக வரி தெரிந்தால் பதற வேண்டாம். உலையில் வேகும்போது சுற்றியிருந்த நாடாவின் தடம் அது. தேய்க்காமல் விட்டிருக்கிறார்கள், இழை அறுபடவில்லை என்று பொருள். இணைப்பைச் செருகி முறுக்கிப் பாருங்கள். முழுக்க உட்கார்ந்து முட்டினால் தேய்மானத்துக்கு இடமில்லை, சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

நுனியின் விட்டம் அங்குலத்தின் 64இல் ஒரு பங்குகளில் குறிக்கப்படும், நுனி வளையம் வாங்க அந்த எண் தேவை. கட்டை நரம்பில் போட்ட லீடர் முடிச்சு தடையின்றிப் போகும் அளவுக்கு வளையம் பெரிதாக இருக்கட்டும். ரீல் இடத்தில் விட்டம் என்ன என்பதையும் கேளுங்கள். ஆபு நிறுவனத்தின் 7000 அளவு ரீலை உங்கள் கட்டைவிரல் எட்டிப் பிடிக்க வேண்டும். தடித்த அடியின் மேல், சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பிடிக்குழாயையும் ஏற்றினால் சின்னக் கைக்குப் பிடி கிடைக்காது.

நீளத்தைக் குறைக்க நினைத்தால் அடியில் வெட்டுங்கள், குணம் அதிகம் மாறாது. நுனியில் இரண்டு அங்குலம் போனாலே விறைப்பு கூடி நுனியின் மென்மை போய்விடும். ஆனால் எதையும் வெட்டுவதற்கு முன், வளையங்களையும் ரீலையும் மின்டேப்பால் இறுக ஒட்டி, நாலு பக்கமும் ஆளில்லாத ஒரு கரையில் முதலில் ஐந்து அவுன்ஸையும், பிறகு ஆறு, எட்டு என்றும் படிப்படியாக வீசிப் பாருங்கள். டேப் சரிகிறதா என்று ஒவ்வொரு வீச்சுக்கும் தொட்டுப் பார்க்க வேண்டும். ரீலை இரண்டு அங்குலம் மேலேயும் கீழேயும் நகர்த்தி இன்னொரு முறை. பொருந்தவில்லை என்றால் டேப்பை உரித்து, பசையைத் துடைத்து, அதே பெட்டியில் திருப்பி அனுப்பலாமா என்று வாங்கும்போதே கேட்டு வைத்திருங்கள்.