பழைய ஸ்லாப்ஸ்டிக் படம் போடப் போறீங்களா? இந்தத் தப்புகள மட்டும் பண்ணாதீங்க

இப்ப நிறைய இடத்துல பழைய ஸ்லாப்ஸ்டிக், அதாவது விழுந்து, மோதி, உடம்பாலயே சிரிக்க வைக்கிற காமெடி படங்கள் போட ஆரம்பிச்சிருக்காங்க. ஸ்கூல், கிளை நூலகம், அபார்ட்மென்ட் மொட்டமாடின்னு சாப்ளினும் பஸ்டர் கீட்டனும் திரும்ப ஓடுறத பாக்க உண்மையிலயே சந்தோஷமா இருக்கு. ஆனா படம் முடிஞ்சதும் நடத்துனவங்ககிட்ட பேசுனா பெரும்பாலும் ஒரே பதில்தான் வருது, "இந்தக் காலத்து பசங்களுக்கு இதெல்லாம் செட் ஆகாது சார், ரீல்ஸ் பாத்து வளந்தவங்க". இத நான் ஒத்துக்கவே மாட்டேன். பல வருஷமா எங்க ஊர்ல திரையிடல் நடத்துறோம், காலேஜ் பசங்க, அஞ்சாங்கிளாஸ் பசங்க, வயசானவங்கன்னு எல்லாரும் வயிறு வலிக்க சிரிச்சத நேர்ல பாத்திருக்கேன். சிரிப்பு வரலன்னா பெரும்பாலும் கோளாறு நாம படத்த போட்ட விதத்துலதான் இருக்கும். நாங்க ஆரம்பத்துல பண்ணதையே புதுசா வர்றவங்களும் வரிசையா பண்றத பாத்துட்டுத்தான் இத எழுதுறேன். ஸ்பீக்கர செக் பண்ணுங்க, கேபிள மறக்காதீங்கன்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

நெட்ல முதல்ல கிடைக்கிற காப்பிய இறக்கி ஓட்டுறது

சைலண்ட் படக் காலத்துல கேமராவ கையாலதான் சுத்துனாங்க. செகண்டுக்கு 16, 18, 20 பிரேம்னு (பிரேம்னா பிலிம்ல இருக்குற ஒவ்வொரு தனிப் படம்) படத்துக்குப் படம் மாறும், சில சமயம் ஒரே படத்துல சீனுக்கு சீன் மாறும். பேசும் படம் வந்தப்புறம்தான் 24ன்னு நிலையாச்சு. 18ல எடுத்தத 24ல ஓட்டுனா வேகம் மூணுல ஒரு பங்கு கூடிடும், எல்லாரும் வெடுக் வெடுக்னு ஓடுவாங்க, அதப் பாத்து "பழைய படம்னா இப்படித்தான்"னு ஜனங்க நம்பிட்டாங்க. அதுக்காக எல்லா சீனையும் நிஜ நடை வேகத்துக்கு இழுத்துக் கொண்டு வர்றதும் தப்பு, ஏன்னா துரத்துற சீன்லயெல்லாம் திரையில வேகமா தெரியணும்னு வேணும்னே கேமராவ மெதுவா சுத்தி எடுத்திருக்காங்க. சரியான காப்பியான்னு பாக்க நான் ஒரு வழி வச்சிருக்கேன். கீட்டன் ஒரு ஆபத்த பாத்துட்டு அசையாம நிப்பாரு பாருங்க, அப்ப அவர் யோசிக்கிறது உங்களுக்குத் தெரியணும். கண்ண இமைக்கிறதுக்குள்ள அடுத்த வேலைக்குப் போயிட்டாருன்னா அந்த காப்பிய தூக்கிப் போடுங்க.

இன்னொன்னு, அந்தப் படமெல்லாம் கிட்டத்தட்ட சதுரமான பிரேம்ல எடுத்தது. இப்ப இருக்குற அகலத் திரைய நிரப்புறேன்னு இழுத்து விடாதீங்க, மேலயும் கீழயும் வெட்டாதீங்க. இந்தப் படங்கள்ல பாதி காமெடி கால்லதான் இருக்கு, நீங்க வெட்டுறது அந்தக் கால்களத்தான். ரெண்டு பக்கமும் கருப்பா இருந்தா இருந்துட்டுப் போகட்டும், அஞ்சு நிமிஷத்துல யாருக்கும் அது ஞாபகமே இருக்காது. மியூசிக்கும் அப்படித்தான். 1931ல வந்த 'சிட்டி லைட்ஸ்'க்கு சாப்ளினே இசையமைச்சாரு, அத மியூட் பண்ணிட்டு இளையராஜா பாட்டு போட்டு ஓட்டுனவங்கள எனக்குத் தெரியும். ராஜா சார் பாட்டு எனக்கு உயிரு, ஆனாலும் அது அந்தப் படத்துக்குப் பண்ற துரோகம்.

"பெஸ்ட் சீன்" மட்டும் வெட்டிப் போடுறது

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுலதான். "பசங்களுக்கு பொறும கிடையாது சார், அதனால நல்ல நல்ல சீனா எடுத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு எடிட் பண்ணிட்டோம்"னு சொல்றாங்க. போதாக்குறைக்கு ஒருத்தன் விழும்போதெல்லாம் "டொய்ங்"னு ஒரு சவுண்டு, நடுவுல வடிவேலு குரல். ஒரு பள்ளிக்கூடத்துல இப்படி ஒரு தொகுப்பு ஓடுனப்ப நான் கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். ஆரம்பத்துல நல்ல சிரிப்பு, அஞ்சாவது நிமிஷத்துல பக்கத்துல இருக்குறவன்கிட்ட பேச்சு, பத்தாவது நிமிஷத்துல ஒரு டீச்சர் எந்திரிச்சு "சைலன்ஸ்"னு கத்த வேண்டியதாப் போச்சு. கடைசில பழி பசங்க மேல. கல்யாண வீட்ல இலைய போட்டு பாயசத்த மட்டும் ஊத்தி எழுப்பி விட்டுட்டு, இவனுக்கு சாப்பிடத் தெரியலன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு.

சும்மா ஒருத்தன் விழுறத பாத்து வர்ற சிரிப்பு நாலஞ்சு தடவையில தீந்துடும். அவன் யாரு, எங்க போகணும், ஏன் விழக் கூடாதுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கப்புறமும் சிரிப்பு வரும். 1925ல வந்த 'தி கோல்ட் ரஷ்'ல சாப்ளின் ஷூவ வேகவச்சு திங்கிற சீன எல்லாரும் வெட்டிப் போடுறாங்க. முழுப் படத்துல அதுக்கு முன்னாடியே பனிப்புயல்ல மாட்டிக்கிட்டு, சாப்பிட ஒண்ணுமே இல்லாம தவிக்கிற தவிப்ப பாத்துட்டுத்தான் வர்றோம். அப்புறம் ஷூ லேஸ போர்க்ல சுத்தி நூடுல்ஸ் மாதிரி திங்கிறாரு, ஆணிய கோழி எலும்ப சப்புற மாதிரி சப்புறாரு, அதுல ஒரு மரியாதையோட திங்கிறாரு பாருங்க, பசி தெரிஞ்ச ஆளுங்க சிரிச்சுக்கிட்டே ஒரு மாதிரி ஆயிடுவாங்க. அதோட முடியல. தின்ன ஷூவுக்கு பதிலா அந்தக் கால்ல துணிய சுத்திக்கிட்டு அதுக்கப்புறமும் சுத்திட்டு இருப்பாரு. டான்ஸ் ஹால்ல நல்ல டிரஸ் போட்டவங்க மத்தியில அந்தத் துணிக்கால பாக்கும்போது ஷூ சீன் திரும்ப மனசுல வருது. கிளிப்புல இதுல எது கிடைக்கும்?

அதவிட நல்ல உதாரணம் லாரல், ஹார்டிங்கிற காமெடி ஜோடியோட 'தி மியூசிக் பாக்ஸ்', 1932ல வந்த குறும்படம், பேசும் படம்தான், அரை மணி நேரம் ஓடும், காமெடி குறும்படத்துக்கு அந்த வருஷம்தான் முதல் தடவையா ஆஸ்கர் குடுத்தாங்க, அத வாங்குனது இந்தப் படம்தான். கதை என்னன்னா ஒரு பியானோவ நீளமான படிக்கட்டு வழியா மேல ஒரு வீட்டுக்கு ஏத்தணும், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலஸ்ல அந்தப் படிக்கட்டு இன்னும் இருக்கு. ஒரு ஆயாம்மா பிராம் தள்ளிட்டு வர்றாங்க, வழி விடப் போய் பியானோ கீழ போயிடுது. திரும்ப ஏத்துறாங்க, போலீஸ்காரர் கூப்பிடுறாரு, திரும்ப கீழ. எங்க ஷோவுல முதல் தடவ பியானோ சறுக்குனப்ப சின்னப் பசங்க மட்டும்தான் சிரிச்சாங்க, பெரியவங்க கம்முனு உக்காந்திருந்தாங்க. அடுத்த தடவ பெரியவங்களும் சிரிச்சாங்க. அப்புறம் ஒரு கட்டத்துல யாரும் சிரிக்கல, ஒருத்தர் "ஐயோ பாவம்டா"ன்னு சத்தமா சொன்னாரு, ஹால் மொத்தமும் அந்த பியானோவ சேர்ந்து தூக்கிட்டு இருந்துச்சு. ஒரு வழியா மேல கொண்டு போனதும் தபால்காரர் வந்து, அந்தப் பக்கம் சுத்தி ரோடு இருக்கே, வண்டியிலயே வந்திருக்கலாமேன்னு சொல்றாரு. உடனே ரெண்டு பேரும் பியானோவ தூக்கிட்டு திரும்ப படி இறங்கி வண்டியில ஏத்தி ரோடு வழியா வர்றாங்க! அந்த இடத்துல எங்க ஹால்ல ஒரு பாட்டிம்மா "வேணாம்யா, இறக்காதீங்கய்யா"ன்னு திரைய பாத்து கெஞ்சுனாங்க, அதுல மொத்த ஹாலும் வெடிச்சுச்சு. முழு இருபது நிமிஷம் அந்தப் படியில ஏறி இறங்குனவங்களுக்குத்தான் அந்த சிரிப்பு. ஒரு சறுக்கல மட்டும் வெட்டிக் காட்டுனா அது வெறும் பொட்டி உருளுறது.

இன்னொரு நஷ்டமும் இருக்கு. 1928ல வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்'ல ஒரு வீட்டு முன்சுவர் அப்படியே கீட்டன் மேல சாயும், மாடி ஜன்னல் ஓட்டை சரியா அவர் நிக்கிற இடத்துல வந்து விழும், அவர் தப்பிச்சிடுவாரு. நிஜ சுவர், தோளுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவுல சில அங்குலம்தான். இத போன்ல மூணு செகண்ட் கிளிப்பா பாத்தவன் தியேட்டர்ல "ஆமா, இது தெரியுமே"ன்னு உக்காந்திருப்பான். பாக்காதவன் கத்துவான். வாழ்க்கையில ஒரு தடவதான் அந்தக் கத்தல் வரும், அத உங்க ப்ரோமோ வீடியோவுல செலவழிச்சிடாதீங்க, தயவு செஞ்சு.

ஸ்டண்ட் கதைய முன்கூட்டியே சொல்றது

அதே காலத்து காமெடி நடிகர் ஹெரால்ட் லாய்டுக்கு 1919ல ஒரு வெடி விபத்துல வலது கையில ரெண்டு விரல் போச்சு, அதுக்கப்புறம்தான் 1923ல 'சேஃப்டி லாஸ்ட்'ல கட்டடத்து மேல கடிகார முள்ள புடிச்சு தொங்குனாரு. அருமையான தகவல்தான், ஆனா படத்துக்கு முன்னாடி சொன்னா எல்லாரும் கைய மட்டும் உத்துப் பாத்து பதறுவாங்க, சிரிக்க மாட்டாங்க. முடிஞ்சப்புறம் சொல்லுங்க. இப்ப இருக்குற பசங்க கிராபிக்ஸ் பாத்து வளந்தவங்க, படம் முடிஞ்சதும் அவங்களே வந்து "நிஜமாவே பண்ணாங்களா அங்கிள்?"னு கேப்பாங்க, அப்ப சொன்னா கேக்குறதுக்கு ஆளு உண்டு.

நடுவுல சிரிப்பு வராம "ஸ்ஸ்ஸ்"னு மூச்ச இழுக்குற சத்தம் வந்தா அதையும் தோல்வின்னு நினைக்காதீங்க. கீட்டன் படத்துக்கு இன்னிக்கு வர்ற வரவேற்புல பாதி அந்த மூச்சுதான்.

முன்னுரை

ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல மைக்க குடுத்துடுங்க.

டைட்டில் கார்டுக்கு ஏற்பாடு பண்ணாம விடுறது

சைலண்ட் படத்துல வசனத்த சொல்ல நடுநடுவுல இங்கிலீஷ்ல எழுத்து வரும், அதுதான் டைட்டில் கார்டு, பாதிப் பேர் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள போயிடும். நல்ல குரல் உள்ள ஒருத்தர உக்கார வச்சு தமிழ்ல சொல்ல வைங்க. ஜப்பான்ல பென்ஷின்னு இதுக்குன்னே கலைஞர்கள் இருந்தாங்க, படத்தவிட அவங்களுக்காக கூட்டம் வந்த காலம் உண்டு. ஆனா கார்டுல இருக்குறத மட்டும் சொல்லணும். "இப்ப பாருங்க, வழுக்கப் போறாரு"ன்னு சொல்ற ஆளு வேண்டவே வேண்டாம்.

லைட்டு

முழுசா அணைங்க. இருட்டுலதான் பெரியவங்க வெக்கப்படாம சிரிப்பாங்க.

படத்துல இருக்குற அசிங்கத்த மறைக்கிறது

1925ல வந்த கீட்டனோட 'செவன் சான்சஸ்'ல பாறை உருளுற சீன் இன்னிக்கும் ஹால கலக்கும். அதே படத்துல வெள்ளைக்கார நடிகர் முகத்துல கருப்பு பூசி கறுப்பின ஆளா நடிக்கிறதும் இருக்கு. இன்னிக்கு பாக்குற பசங்க அந்த இடத்துல சட்டுனு அமைதியாயிடுறாங்க, அது நல்ல அமைதி, அத மதிங்க. நீங்க முன்னாடியே முழுப் படத்தையும் பாத்து வச்சிருக்கணும். இப்படி ஒண்ணு இருக்கு, இது தப்பு, அப்ப சகஜமா பண்ணாங்கன்னு ஆரம்பத்துலயே ஒரு வரி நேரா சொல்லிடுங்க. சத்தமில்லாம வெட்டி எறியவும் வேணாம், "அந்தக் காலம் அப்படி"ன்னு சப்பக்கட்டு கட்டவும் வேணாம்.

உரிமை

படத்த திரையிடுறதுக்கு உரிமை வாங்கணுமான்னு கேளுங்க. பழசுன்னா இலவசம்னு இல்ல.

முதல் நாளே பெரிய படம்

1926ல வந்த கீட்டனோட 'தி ஜெனரல்' எனக்கு ரொம்பப் பிடிச்ச படம், ஆனா முதல் ஷோவுக்கு போடாதீங்க. சிரிப்பு நிதானமாத்தான் வரும், பழக்கமில்லாத கூட்டம் ஆரம்பத்துலயே நெளியும். அது வெளியானப்பவே சரியா ஓடல, பேரு வாங்குனதெல்லாம் பிற்பாடுதான். முதல்ல 1920ல வந்த அவரோட குறும்படம் 'ஒன் வீக்' போடுங்க, இருபது நிமிஷத்துக்கு கொஞ்சம் கூட. புதுசா கல்யாணமான ஜோடி பொட்டியில வந்த பாகங்கள வச்சு தானே வீடு கட்டுறாங்க, வேண்டாதவன் ஒருத்தன் நம்பர மாத்தி வச்சிடுறான். வீடு கட்டுன எவருக்கும் விளக்கமே தேவப்படாது. அத முடிச்சதும் அஞ்சு நிமிஷம் இடைவெளி விட்டு 'தி மியூசிக் பாக்ஸ்'. அடுத்த மாசம் 'சேஃப்டி லாஸ்ட்'. 'ஜெனரல்' மூணாவது மாசம், அதுக்குள்ள உங்க ஆளுங்களே கீட்டன் படம் எப்பன்னு கேக்க ஆரம்பிச்சிருப்பாங்க.