பெல் ஹவுசிங் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், போடி பக்கம் பழைய ஜீப்புக்கு ஓய்வே கிடையாது. விடிவதற்குள் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டோ போடிமெட்டோ ஏறி இடுக்கிக்குள் போகும். சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கும். இப்படி ஓடும் வண்டியில் இன்ஜின் தேய்ந்தால் வேறு இன்ஜின் ஏறும். மூன்று கியர் டி-90 பாக்ஸ் இருந்த இடத்தில் நான்கு கியரோ ஐந்து கியரோ வந்து உட்காரும். இப்போது புதுப் பையன்கள் நிறையப் பேர் இந்த வேலையை எடுத்துச் செய்கிறார்கள். வெல்டிங், வயரிங் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் நிற்கும் பெல் ஹவுசிங்கில் மட்டும், நாங்கள் ஒரு காலத்தில் போட்ட அதே கூத்தைத் திரும்பவும் போடுகிறார்கள்.

போல்ட் டைட் பண்ண மறப்பது, கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டுவது இதையெல்லாம் நான் எழுதவில்லை. முதல் ஓட்டத்திலேயே வண்டி அதைச் சொல்லிவிடும்.

பெயரைப் பார்த்து பெல் வாங்குவது

"மஹிந்திரா இன்ஜின், மஹிந்திரா பெல், அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். அமெரிக்க ஜீப் கம்பெனி வில்லிஸ் வழியில் வந்த 134 கன அங்குல பெட்ரோல் இன்ஜினும் மஹிந்திரா ஜீப்பில்தான் இருந்தது. பியூஜோ வழியில் வந்த 2112 சிசி எக்ஸ்டிபி டீசலும் மஹிந்திரா ஜீப்பில்தான் இருந்தது. இன்டர்நேஷனல் டிராக்டர் வம்சத்து 2523 சிசி டீசலும் அப்படியே. பானெட்டில் பெயர் ஒன்று, உள்ளே மூன்று குடும்பம். அம்பாசிடரும் இதே கதைதான். பிஎம்சி 1489 சிசி இன்ஜினும் பின்னால் வந்த இசுசு இன்ஜினும் ஒரே பானெட்டுக்குள் இருந்தவை, ஆனால் ஒட்டும் உறவும் இல்லாதவை. பழைய சாமான் கடைக்குப் போகும்போது வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். பிளாக்கில் வார்த்திருக்கும் நம்பரைக் குறித்துக்கொண்டு போங்கள். முடிந்தால் பிளாக்கின் பின்முகத்தை அட்டையில் படியெடுத்துக் கையோடு கொண்டு போங்கள். அந்த அட்டைக்குப் பயன் அவ்வளவுதான். அதை வைத்து வேறு எதுவும் செய்துவிடாதீர்கள். ஏன் என்று அடுத்து வருகிறது.

ஓட்டை ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் வரவைப்பது இதுதான்.

இன்ஜின் ஒரு குடும்பம், கியர்பாக்ஸ் வேறு குடும்பம் என்றால் நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வரும். நம் பக்கம் அதை எப்படிச் செய்கிறார்கள்? பிளாக்கின் பின்முகத்தில் அட்டையை வைத்து, சுத்தியால் ஓரம் தட்டி ஓட்டைகளின் அச்சு எடுக்கிறார்கள். அதை அரை அங்குல இரும்புத் தகட்டில் ஒட்டி, சென்டர் பஞ்ச் அடித்து, டிரில்லிங் மெஷினில் துளைத்துவிடுகிறார்கள். போல்ட் எல்லாம் கையாலேயே நுழைகிறது. "பக்காவா உட்கார்ந்திருச்சு அண்ணே" என்று பையன் சிரிக்கிறான்.

போல்ட்டுக்கு உட்கார வைக்கத் தெரியாது, இறுக்கத்தான் தெரியும். 12 மில்லி போல்ட்டுக்கு 13 மில்லி ஓட்டை போட்டிருப்பீர்கள். அந்த இடைவெளிக்குள் பெல் எந்தப் பக்கமும் நகரும். பெல்லை அதன் இடத்தில் நிறுத்துவது இரண்டு டவல் பின்கள், அதாவது ஓட்டைக்குள் ஆட்டமில்லாமல் உட்காரும் சின்ன உருளைக் கம்பிகள். அட்டையில் அச்செடுத்த பிளேட்டில் டவல் சரியாக விழாது. அப்போது பையன் என்ன செய்கிறான்? டவலைத் தட்டிக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுகிறான்.

இனி கணக்கைப் பாருங்கள். அட்டையில் அரை மில்லி தவறுவது பெரிய விஷயமே இல்லை, பென்சில் கோடே அந்தத் தடிமன் இருக்கும். அரை மில்லி என்பது ஏறக்குறைய 20 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தவ்). இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் மையமும் கியர்பாக்ஸின் மையமும் 20 தவ் விலகி நிற்கின்றன. பொதுவாக, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜில் மொத்த ஆட்டம் 5 தவ்வுக்கு மேல் போகக் கூடாது, அதாவது விலகல் இரண்டரை தவ். நாம் எட்டு மடங்கு தாண்டி நிற்கிறோம்.

கிளட்ச் ஷாஃப்ட்டுக்குப் பிடிமானம் இரண்டு இடத்தில் இருக்கிறது. பின்னால் கியர்பாக்ஸின் முன் பேரிங், முன்னால் கிராங்க் நுனியில் பைலட் புஷ், அதாவது ஷாஃப்ட்டின் நுனி உட்காரும் சின்ன வளையம். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஷாஃப்ட் ஒரு முறை வளைந்து நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி உடைப்பது போலத்தான். இன்ஜின் 2000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 2000 முறை. முதலில் பைலட் புஷ் முட்டை வடிவமாகும். அடுத்து முன் பேரிங் கத்தும். கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் கிழியும். டாப் கியர் தானாக நியூட்ரலுக்கு வரும். டாப்பில் கிளட்ச் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்கின்றன. ஒன்று சாய்ந்திருந்தால் பூட்டின பல் மெல்ல நழுவும்.

நெடுங்கண்டம் பக்கத்து முதலாளி ஒருவர் இப்படித்தான் வந்தார். "ஆசானே, ரெண்டு வட்டம் பாக்ஸ் அழிச்சு பணிஞ்சாச்சு, டாப் நிக்குன்னில்ல" என்றார் மலையாளம் கலந்து. இரண்டு தடவை பாக்ஸைப் பிரித்து வேலை பார்த்தும் டாப் கியர் நிற்கவில்லையாம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே கியர் லிவர் எகிறி நடுவுக்கு வந்துவிடுகிறதாம். முந்தைய மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் பேரிங், சின்க்ரோ ரிங், ஷாஃப்ட் என்று மாற்றிக்கொண்டே போயிருக்கிறார். பழியெல்லாம் கியர்பாக்ஸ் மேல். பாக்ஸை இறக்கி டயல் வைத்துப் பார்த்தேன், 38 தவ். டவல் இருக்க வேண்டிய ஓட்டைகளில் எம்-சீல் அடைத்திருந்தது! பாக்ஸில் ஒரு குற்றமும் இல்லை, உள்ளே கிடந்தது அத்தனையும் புதுச் சாமான். இரண்டு தடவை அவர் கொட்டின பணத்துக்கு டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் நாலைந்து செட் வாங்கியிருக்கலாம்.

பார்க்கும் முறை கஷ்டமே இல்லை. பிளாக் முகத்தில் பெயின்ட், துரு, பிசிறு எதுவும் இல்லாமல் சுரண்டுங்கள். கிளட்ச் இல்லாமல் பெல்லை மட்டும் மாட்டி டைட் பண்ணுங்கள். காந்த ஸ்டாண்டைப் பிளைவீலில் ஒட்டி, டயலின் முள்ளை பெல்லின் நடு ஓட்டையின் உள்சுவரில் தொட வையுங்கள். கியர்பாக்ஸின் முன்பக்கம் வந்து உட்காரும் ஓட்டை அது. பெட்ரோல் என்றால் பிளக்கையும், டீசல் என்றால் ஹீட்டர் பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றிவிட்டுக் கிராங்கைக் கையால் சுற்றுங்கள். மேலே, கீழே, இடது, வலது நான்கையும் சாக்பீஸால் பெல்லிலேயே எழுதுங்கள். எதிரெதிர் அளவுகளின் வித்தியாசத்தில் பாதிதான் விலகல். 14 காட்டினால் பெல்லை 7 நகர்த்த வேண்டும். இந்தப் பாதிக் கணக்கை மறந்து முழுசாக நகர்த்தி, எதிர்ப்பக்கம் அதே தப்பை உண்டாக்குகிறவர்கள் உண்டு.

அப்புறம் முள்ளை பெல்லின் பின்முகத்தில் வைத்து இன்னொரு சுற்று. இதில் கிராங்கை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும், இல்லையென்றால் கிராங்கின் முன்பின் ஆட்டமும் சேர்ந்து காட்டும். முகம் சாய்ந்திருந்தால் பிளேட் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றி சர்ஃபேஸ் கிரைண்டிங்குக்கு அனுப்புங்கள். பேக்கிங் பேப்பர் வைத்துச் சரிக்கட்டாதீர்கள்.

புதுப் பிளேட் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போல்ட் ஓட்டைகளைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள், டவல் ஓட்டையைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் மாட்டி, டயல் பார்த்து, மரச் சுத்தியால் தட்டித் தட்டி 5 தவ்வுக்குள் கொண்டு வந்து டைட் பண்ணுங்கள். அதற்குப் பிறகு டவலுக்குத் துளைத்து, ஓட்டையைத் துல்லிய அளவுக்குச் சீவும் ரீமர் போடுங்கள். பின்னை லேத்தில் அந்த ஓட்டைக்குக் கச்சிதமாகக் கடைந்துகொள்ளலாம். ஒரு நாள் கூடுதலாகப் போகும். போகட்டும்.

போல்ட்டை இறுக்கி பாக்ஸை இழுப்பது

பாக்ஸில் போல்ட் நுழையும் காது உடையும்.

நீளத்தை மறப்பது

அரை அங்குலப் பிளேட் போட்டால் கியர்பாக்ஸ் அரை அங்குலம் பின்னால் போகிறது. ஷாஃப்ட்டின் நுனி பைலட் புஷ்ஷைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அதற்கு நீட்டிய புஷ் ஒன்றை வெண்கலத்தில் கடைந்து போட வேண்டும். எதிர்ப்பக்கமும் நடக்கும். ஷாஃப்ட் நீளமான பாக்ஸ் என்றால் நுனி கிராங்கில் முட்டி, கிராங்கின் முன்பின் ஆட்டத்தைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரைத் தின்றுவிடும். பூட்டுவதற்கு முன் டெப்த் கேஜால் இரண்டு பக்கமும் அளந்து கழித்துப் பாருங்கள். வில்லிஸ் வகை இன்ஜினில் பிளாக்குக்கும் பெல்லுக்கும் நடுவில் ஒரு தகடு வரும். அதை வேண்டாத சாமான் என்று ஓரங்கட்டினால் இந்த அளவெல்லாம் மாறும். கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கின் ஓட்டத்தையும் இதோடு சேர்த்தே பாருங்கள். பிளேட் கனத்துக்கு ஏற்ப அதுவும் தள்ளிப்போயிருக்கும்.

பைலட் புஷ்ஷில் கிரீஸ்

வேண்டாம். எண்ணெய் உறிஞ்சும் வெண்கல புஷ்ஷை இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டு அடியுங்கள். கிரீஸ் அதன் நுண்துளைகளை அடைத்துவிடும்.

பிளைவீல் பல்லை எண்ணாமல் விடுவது

பழைய 6 வோல்ட் வில்லிஸ் பிளைவீல் பலவற்றில் 97 பல். பின்னால் வந்த 12 வோல்ட்டில் 129. ஸ்டார்ட்டர் ஒன்றும் பிளைவீல் ஒன்றுமாக மாறினால் கரகரவென்று அரைக்கும். 129 பல் வீலைப் பழைய பெல்லுக்குள் திணித்தால் உள்சுவரில் உரசலாம். கொஞ்சம் கிரைண்டர் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். மாட்டிய பிறகு பிளைவீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஆர்.சி.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது. இன்ஜின் மாற்றப்போகிறீர்கள் என்றால் பழைய இன்ஜினைக் கழற்றும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். குமுளியில் வண்டியை ஓரம் கட்டி பானெட்டைத் திறக்கச் சொன்னால் டயல் கேஜ் உதவாது.