ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொரு கைப்பேசிக்குக் கேபிள் வழியாகச் சார்ஜ் ஏற்றுவது எப்படி?

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவிலும் மின்சாரம் நின்றுபோனது. மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மா, சென்னையில் இருக்கும் மகனுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கைப்பேசியோடு வந்தார். அதில் 3 சதவீதம்தான் மீதமிருந்தது. என்னுடையதில் 70 சதவீதம் இருந்ததால் இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அவருடைய கைப்பேசியிலிருந்து என்னுடையதற்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அது அணைந்துபோவதற்குள் மாற்றிவிட்டேன். இந்தச் செய்முறையில் புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் அந்த ஓரிடத்தில்தான் என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படி 1: கேபிளைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு கைப்பேசிகளிலும் டைப்-சி துளை இருந்தால், இரு முனைகளிலும் டைப்-சி உள்ள கேபிள் ஒன்றே போதும். ஐபோன்களில் 2023இல் வந்த 15ஆம் வரிசை முதல் இந்தத் துளை இருக்கிறது. அதற்கு முந்தைய ஐபோனுக்கு ஆண்ட்ராய்டிலிருந்து சார்ஜ் ஏற்ற, ஒரு முனை டைப்-சி, மறுமுனை லைட்னிங் என்று உள்ள கேபிள் வேண்டும்.

வீட்டில் பழைய அகல முனைக் கேபிள் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஓடிஜி அடாப்டர் என்ற சிறு இணைப்பானைக் கைப்பேசிக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் ஒரு வசதி உண்டு: அடாப்டர் எந்தக் கைப்பேசியில் செருகப்பட்டிருக்கிறதோ அதுவே மின்சாரத்தைக் கொடுக்கும், மறுமுனையில் இருப்பது பெற்றுக்கொள்ளும். ஆகவே திசையைப் பற்றிய குழப்பமே எழாது. மழைக்காலம் தொடங்குமுன் வீட்டுக்கு ஒன்று வாங்கி வைப்பது நல்லது என்பது என் கருத்து.

படி 2: துளைகளைப் பாருங்கள்

மழையில் நனைந்த கைப்பேசியைக் கண்டிப்பாக இணைக்காதீர்கள். துளையில் ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் உள்ளிருக்கும் பின்கள் அரித்துப் போகும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் நன்றாக உலர விடுங்கள். பலர் செய்வதுபோல் அரிசிக்குள் புதைத்து வைக்க வேண்டாம்; அரிசித் தூள் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

படி 3: இணைத்து, திசையைச் சரிபாருங்கள்

டைப்-சி கேபிளின் இரு முனைகளும் ஒன்றுபோலவே இருப்பதால், யார் கொடுப்பது, யார் பெறுவது என்பதைக் கேபிள் முடிவு செய்வதில்லை. இணைத்த கணத்தில் இரண்டு கைப்பேசிகளும் தமக்குள் பேசி அதை முடிவு செய்துகொள்கின்றன. அந்த முடிவு நாம் நினைத்ததற்கு நேர்மாறாகவும் அமையலாம். எனவே இணைத்தவுடன் கையை எடுக்காமல், எந்தத் திரையில் மின்னல் குறி தோன்றுகிறது என்று பாருங்கள்.

தவறான கைப்பேசியில் தோன்றினால், ஆண்ட்ராய்டில் திரையின் மேலிருந்து கீழே இழுத்து, யுஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தொடுங்கள். அங்கே இணைக்கப்பட்ட சாதனத்துக்குச் சார்ஜ் கொடு என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். கொடுக்க வேண்டிய கைப்பேசியில் அதைத் தேர்ந்தெடுத்தால் திசை மாறிவிடும். சொற்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி சற்று வேறுபடும். அப்போதும் மாறவில்லை என்றால் கேபிளைக் கழற்றி, மீண்டும் செருகிப் பாருங்கள்.

ஒப்போ, ரியல்மீ போன்ற சில கைப்பேசிகளில் செட்டிங்ஸுக்குள் சென்று ஓடிஜி வசதியை இயக்கினால்தான் மின்சாரம் வெளியே வரும். பயன்பாடு இல்லாமல் 10 நிமிடம் கழிந்தால் அது தானாகவே அணைந்துவிடும் என்பதால், இணைப்பதற்குச் சற்று முன் இயக்குங்கள். அதே யுஎஸ்பி அறிவிப்பில், கோப்புப் பரிமாற்றம் தேர்வாகியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். முன்பின் தெரியாதவருடைய கைப்பேசி என்றால் இது அவசியம்.

படி 4: எவ்வளவு ஏறும் என்று கணக்கிடுங்கள்

சுவரில் செருகும் சார்ஜரின் வேகத்தை இதில் எதிர்பார்க்க முடியாது. டைப்-சி ஐபோன் அதிகபட்சம் 4.5 வாட் வரை கொடுக்கும். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஏறத்தாழ 19 வாட் மணி ஆற்றல் கொண்டது. ஆகவே அந்த வேகத்தில் அரை மணி நேரம் கொடுத்தால் 10 சதவீதம் அளவுக்கு ஏறும். கொடுப்பவர் அதைவிடக் கூடுதலாக இழப்பார். ஏனென்றால் பேட்டரியின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக உயர்த்தி, மறுபுறம் மீண்டும் குறைக்கும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. அதனால்தான் இரண்டும் சூடாகின்றன. தலையணைக்கு அடியிலோ போர்வைக்குள்ளோ வைக்காமல் திறந்த தரையில் வையுங்கள்.

பெறும் கைப்பேசியை ஃபிளைட் மோடில் போட்டுவிட்டால், சிக்னலைத் தேடி வீணாகும் ஆற்றலும் மிச்சமாகும். 10 சதவீதம் ஏறியதும் நிறுத்திவிடலாம். பேசுவதற்கு அது போதும். எதிர்வீட்டு அம்மாவின் கைப்பேசியில் அன்று 11 சதவீதம் ஏறியதும் கேபிளைக் கழற்றினோம். மூன்றாவது முயற்சியில் மகன் எடுத்தார்.